‘ஐ டவுட்’ என்று எழுதி மாட்டிக்கொண்ட கதை: பிறர் மனதில் இருப்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு ஒப்பந்தக் கோப்பு காணாமல் போனது. பக்கத்துப் பிரிவில் இருந்த ஒருவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம். மேலாளர் லண்டன்காரர். அவருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன்: ‘ஐ டவுட் ஹி டுக் த ஃபைல்.’ ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, வேறு எங்காவது தேடிப் பாருங்கள்.’ எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னோடு ஒத்துப்போகிறார், ஆனால் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்காமல் வேறு இடத்தில் தேடச் சொல்கிறாரே? இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நான் எழுதியதற்கு ‘அவர் எடுத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்’ என்றுதான் அர்த்தம். குற்றம் சாட்டப் போனவன் நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத வாக்கியம் அது. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. ஒருவர் மனதில் இருப்பதைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எதிர்பார்க்கிறது. அந்த எண்ணம் அங்கே வந்தது யாரால்? அது உண்மை என்பதற்கு, பேசுகிற நான் பொறுப்பேற்கிறேனா? தமிழில் இதையெல்லாம் ‘வை’, ‘விடு’, ‘ஆம்’, ‘போல’ என்று வினையின் வாலில் ஒட்டிவிடுகிறோம். ‘வருகிறாராம்’ என்றால் போதும், ‘இது நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டது’ என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி ஒட்ட வால் கிடையாது. வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்தாக வேண்டும்.

ஆங்கில வாக்கியங்களை ஒலிப்பாகவே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் தொனிதான் பாதி அர்த்தம்.

படி 1: எண்ணம் தானாக வந்ததா, நீங்கள் நினைத்ததா?

நமக்கு ‘நான் நினைக்கிறேன்’ ஒன்று, ‘எனக்குத் தோன்றுகிறது’ இன்னொன்று. முதலாவதில் நான் செய்பவன். இரண்டாவதில் எண்ணம் என்னிடம் வருகிறது. ஆங்கிலத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. ஆனால் பள்ளியில் ‘ஐ திங்க்’ மட்டும் கற்றுக்கொண்டு வந்த நாம் எல்லாவற்றுக்கும் அதையே பிடித்துக்கொள்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலம் இந்த விஷயத்தில் தமிழைப் போலவே இருந்தது. ஏறத்தாழ ‘தென்ச்சன்’, ‘தின்ச்சன்’ என்று ஒலிக்கிற இரண்டு வினைகள் அதில் இருந்தன. முதலாவது ‘நினைத்தல்’, இரண்டாவது ‘தோன்றுதல்’. இரண்டாவதோடு ‘எனக்கு’ என்ற வேற்றுமைதான் வரும், ‘நான்’ வராது. நாளடைவில் ஒலி நெருங்கி இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களில் ‘மீதிங்க்ஸ்’ என்று ஒரு சொல் வருமே, அது அந்த இரண்டாவது வினையின் மிச்சம். அதில் இருக்கும் ‘மீ’ ‘நான்’ அல்ல, ‘எனக்கு’. இன்னொன்றும் சொல்கிறார்கள்: ‘தென்ச்சன்’ என்பதே ஆதியில் ‘தனக்குத் தோன்றச் செய்தல்’ என்ற பிறவினையாகப் பிறந்திருக்க வேண்டுமாம். இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘ஐ திங்க்’கின் அடியிலேயே ஒரு ‘செய்வித்தல்’ ஒளிந்திருக்கிறது.

சரி, இன்றைய புழக்கத்துக்கு வருவோம். ‘எனக்குத் தோன்றியது’ என்பதற்கு ஆங்கிலத்தில் பல கதவுகள்:

‘இட் அக்கர்ட் டு மி’: யோசனை மெதுவாக வந்து எட்டிப் பார்த்தது. இதன் எதிர்மறைதான் அதிகம் பயன்படும். ‘இட் நெவர் அக்கர்ட் டு மி’ என்றால் ‘எனக்கு அது தோன்றவே இல்லையே’ என்று கையை விரிப்பது. மன்னிப்புக் கேட்கும் இடங்களில் ‘ஐ டிட் நாட் திங்க்’ என்று சொல்வதைவிட இது நூறு மடங்கு நல்லது. ‘ஐ டிட் நாட் திங்க்’ என்றால் மூளையைப் பயன்படுத்தவில்லை என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும்.

‘இட் ஸ்ட்ரக் மி’: பொறி தட்டியது.

‘இட் டான்ட் ஆன் மி’: இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நேர்ப்பொருள் ‘விடிந்தது’. பார்த்தால் நம்முடைய ‘மனதில் உதித்தது’ மாதிரி இருக்கும். ஆனால் தமிழில் உதிப்பது புதிய யோசனை, கவிதை, திட்டம். ஆங்கிலத்தில் ‘டான்’ ஆவது ஏற்கெனவே கண் முன்னால் இருந்து நமக்குத் தெரியாமல் போன உண்மை. ஆகவே இதற்கு இணை ‘உதித்தது’ அல்ல, ‘உறைத்தது’. மேலே கோப்பு விஷயத்தில் எனக்கு இரண்டு நாள் கழித்து நடந்தது அதுதான்.

படி 2: எண்ணத்தை உண்டாக்கியது யார்?

வழிகாட்டியின் கனமான பகுதி இது. தமிழில் ‘நினைக்க வைத்தான்’, ‘நம்பச் செய்தான்’, ‘நினைக்க விட்டான்’ என்று மூன்று துணைவினைகளில் முடித்துவிடுவோம். ஆங்கிலம் இதையே ஆறேழு வினைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் பொறுப்பு ஒவ்வொருவர் தலையில் விழுகிறது.

முதலில் ‘மேக்’. ‘வாட் மேக்ஸ் யூ திங்க் ஸோ?’ என்பதில் ‘திங்க்’குக்கு முன்னால் ‘டு’ வராது. நம்மவர்கள் பத்தில் எட்டுப் பேர் ‘வாட் மேட் யூ டு திங்க்’ என்பார்கள், நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். காரணம் தெளிவு. தமிழில் ‘நினைக்க வைத்தது’ என்பதில் ‘நினைக்க’ என்ற எச்சம் இருக்கிறது. ‘க்க’ என்றாலே ‘டு’ என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. மருந்து இதுதான்: ‘மேக்’, ‘லெட்’, ‘ஹேவ்’ மூன்றுக்கும் ‘டு’ கிடையாது. மற்றவை எல்லாம், அதாவது ‘லீட்’, ‘காஸ்’, ‘ஃபோர்ஸ்’, ‘பெர்ஸுவேட்’ வகையறா, ‘டு’ கேட்கும். ‘ஹெல்ப்’ மட்டும் இரண்டுக்கும் தலையாட்டும். ஆனால் ‘மேக்’கைச் செயப்பாட்டுவினையாக்கினால் ‘டு’ திரும்ப வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு ஃபீல் லைக் எ ஃபூல்.’

‘வை டு யூ திங்க் ஸோ?’ என்று கேட்பதற்கும் ‘வாட் மேக்ஸ் யூ திங்க் ஸோ?’ என்று கேட்பதற்கும் என்ன வேறுபாடு? முதலாவது ‘ஏன்’ என்று ஆளைக் கேட்கிறது. இரண்டாவது ‘எதைப் பார்த்து அப்படி நினைக்கிறீர்கள்’ என்று ஆதாரத்தைக் கேட்கிறது. அதனால் பொதுவாக இரண்டாவது கொஞ்சம் இதமானது. பொதுவாகத்தான். ‘வாட் மேக்ஸ் யூ திங்க் யூ கேன் டாக் டு மி லைக் தட்?’ என்று குரலை உயர்த்திக் கேட்டால், ‘என்னிடம் இப்படிப் பேச உனக்கு என்ன தைரியம்?’ என்றுதான் அர்த்தம். அதில் ஆதாரம் எதையும் யாரும் கேட்கவில்லை.

அடுத்தது ‘கெட்’. ‘தட் காட் மி திங்கிங்’ என்றால் அது என் மனதில் யோசனையைக் கிளப்பிவிட்டது. இன்னதுதான் நினைத்தேன் என்று இல்லை, சக்கரம் சுழல ஆரம்பித்தது, அவ்வளவுதான். ஒரு கட்டுரையையோ பேச்சையோ பற்றிப் பாராட்டாகச் சொல்ல ஏற்ற தொடர். பிரிட்டிஷ்காரர்கள் சிலர் ‘செட் மி திங்கிங்’ என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ‘லீட்’. ‘ஐ வாஸ் லெட் டு பிலீவ்.’ ஒரு முறை ஓட்டல் அறை ஒன்றை முன்பதிவு செய்தேன். தொலைபேசியில் பேசியவர் காலைச் சாப்பாடும் சேர்த்திதான் என்றார். கிளம்பும்போது நீட்டிய பில்லில் இரண்டு நாள் காலைச் சாப்பாட்டுக்கும் தனியாகக் காசு போட்டிருந்தார்கள். ‘யூ டோல்ட் மி எ லை’ என்று எழுதினால் சண்டை. ‘ஐ தாட் பிரேக்ஃபாஸ்ட் வாஸ் இன்க்ளூடட்’ என்று எழுதினால், ‘அது நீங்களாக நினைத்துக்கொண்டது’ என்று கையைக் கழுவிவிடுவார்கள். ‘ஐ வாஸ் லெட் டு பிலீவ் தட் பிரேக்ஃபாஸ்ட் வாஸ் இன்க்ளூடட்’ என்று எழுதினேன். யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணம் என் மண்டையில் தானாக முளைக்கவில்லை, உங்கள் பக்கத்திலிருந்துதான் யாரோ விதைத்தார்கள் என்பது வாக்கியத்தின் எலும்பிலேயே இருக்கிறது. அந்த எண்ணம் பொய்யாகிப்போனது என்பதும் சொல்லாமலே தொனிக்கிறது. தமிழில் ‘காலைச் சாப்பாடும் சேர்த்தி என்றல்லவா சொன்னார்கள்!’ என்பதில் அந்த ‘அல்லவா’ செய்கிற வேலையை இங்கே ‘லெட்’ செய்கிறது. பணம் திரும்ப வந்தது. எழுதும்போது ஒரு எச்சரிக்கை: இறந்தகால ‘லெட்’டில் ‘ஏ’ என்ற எழுத்து கிடையாது. அதைச் சேர்த்தால் ஈயம் ஆகிவிடும்.

‘லெட்’ என்று இன்னொன்றும் இருக்கிறது, ‘விடு’ என்ற பொருளில். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி விழுகின்றன, என்ன செய்வது. ‘ஐ லெட் ஹிம் திங்க் ஐ வாஸ் எ டாக்டர்’ என்றால், நான் டாக்டர் என்று அவராக நினைத்துக்கொண்டார், நானும் வாயைத் திறக்கவில்லை. இதில் ‘லெட்’டை எடுத்துவிட்டு ‘மேட்’ போட்டால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஏமாற்றினேன் என்று ஆகிவிடும். ஒரே சொல்லை மாற்றியதில் சும்மா இருந்த பாவம் வேண்டுமென்று செய்த பாவமாகிவிடுகிறது.

‘ஹேவ்’ கொஞ்சம் நக்கல் பிடித்தது. பத்திரிகைத் தலையங்கங்களில் ‘த மினிஸ்டர் வுட் ஹேவ் அஸ் பிலீவ் தட்...’ என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ‘அமைச்சர் நம்மை நம்பச் சொல்கிறார்’ என்பது நேர்ப்பொருள். உள்ளே இருப்பது ‘காதில் பூ சுற்றுகிறார்’. இதை மரியாதையான மின்னஞ்சலில் யாரைப் பற்றியும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் அவரை நம்பவில்லை என்று பகிரங்கமாக அறிவித்த மாதிரி.

‘கன்வின்ஸ்’, ‘பெர்ஸுவேட்’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய விதிப்படி முதலாவது மனதை மாற்றுவது, இரண்டாவது செயலில் இறக்குவது. நம்பவைத்தல், இணங்கவைத்தல். இப்போது ஆங்கிலேயர்களே இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள்.

வினையை விட்டுப் பெயர்ச்சொல் வழியாகவும் போகலாம். ‘வாட் கேவ் யூ தட் ஐடியா?’ என்றால் ‘அப்படி உனக்கு யார் சொன்னது?’. ‘டோன்ட் புட் ஐடியாஸ் இன்டு ஹிஸ் ஹெட்’ என்றால் ‘அவனை ஏற்றிவிடாதே’. ‘ஐ வாஸ் அண்டர் தி இம்ப்ரெஷன்’ என்பது மேலே சொன்ன ‘லெட் டு பிலீவ்’வின் சாதுவான தங்கச்சி. யார் மேலும் பழி போடாமல், ‘நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன், தவறாகவும் இருக்கலாம்’ என்று ஒதுங்கி நிற்கும். மேலதிகாரியின் தவறைச் சுட்டிக்காட்ட இதைவிடப் பத்திரமான தொடர் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 3: பிறர் எண்ணத்தைச் சொல்லும்போது உங்கள் கையெழுத்தும் விழுகிறது

சைமன் பாரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஒரு உளவியல் சோதனை இருக்கிறது. சாலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். சாலி ஒரு கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறாள். சாலி திரும்பி வந்து கோலியை எங்கே தேடுவாள் என்று குழந்தையிடம் கேட்பார்கள். பிறர் மனதில் இருப்பது உண்மைக்கு மாறாகவும் இருக்கலாம் என்று குழந்தைக்குப் புரிகிறதா என்பதுதான் சோதனை. நாலு வயது வாக்கில் பெரும்பாலும் புரிந்துவிடும்.

இந்தக் காட்சியை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘சாலி திங்க்ஸ் இட் இஸ் இன் த பாஸ்கெட்’ சரி. ‘சாலி நோஸ் இட் இஸ் இன் த பாஸ்கெட்’ தவறு, ஏனென்றால் கோலி கூடையில் இல்லை. ‘நோ’ என்று சொன்ன மாத்திரத்தில் அதை உண்மை என்று நானும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ‘சாலி டஸின்ட் நோ இட் இஸ் இன் த பாக்ஸ்’ சரி. எதிர்மறையாக்கிய பிறகும் கோலி பெட்டியில்தான் இருக்கிறது. பால் கிபார்ஸ்கி, கேரல் கிபார்ஸ்கி தம்பதி 1970-இல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்ட வினைகளை ஒரு தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். நமக்குப் பெயர் வேண்டாம், சோதனை போதும்: வாக்கியத்தை எதிர்மறையாக்குங்கள். உள்ளே இருக்கும் செய்தி அப்படியே நின்றால் அது கையெழுத்துப் போடும் வினை.

தமிழில் இதை நாம் தெரியாமலே செய்கிறோம். ‘கடை மூடியிருப்பது அவருக்குத் தெரியாது’ என்கிறோம். ஆனால் ‘கடை மூடியிருக்கிறது என்று அவர் நினைக்கவில்லை’ என்கிறோம். ‘இருப்பது’ என்று பெயராக்கினால் கடை மூடியிருப்பது நிச்சயம். ‘என்று’ போட்டால் நிச்சயமில்லை.

ஆங்கிலத்தில் உண்மைக்குக் கையெழுத்துப் போடும் வினைகள்: ‘நோ’, ‘ரியலைஸ்’, ‘ரிக்ரெட்’. ‘பாயின்ட் அவுட்’, ‘அட்மிட்’ இரண்டும் அந்தப் பக்கம் சாய்ந்தவைதான். போடாதவை: ‘ஸே’, ‘திங்க்’, ‘பிலீவ்’. மூன்றாவது ஒரு கூட்டம் கையெழுத்து போடாதது மட்டுமல்ல, முகத்தையும் சுளிக்கும்: ‘கிளெய்ம்’, ‘ஸீம்ஸ் டு திங்க்’, ‘இமேஜின்ஸ்’. கூட்டக் குறிப்பு எழுதும்போது இதைக் கவனிக்காமல் ‘மிஸ்டர் சோ அண்ட் சோ கிளெய்ம்ட்’ என்று போட்டுவிட்டு, மறுநாள் அந்த மனிதர் முறைக்கும்போது விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுநிலையாக ‘ஸே’யின் இறந்தகாலமான ‘செட்’ போட்டால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் ‘பாயின்டட் அவுட்’ போட்டால் நீங்கள் அவர் கட்சி.

‘வருகிறாராம்’ என்பதில் இருக்கும் ‘ஆம்’மை எப்படிக் கொண்டுவருவது? பேச்சில் எனக்குக் கிடைத்த மிகப் பொருத்தமான சொல் ‘அப்பேரன்ட்லி’. ‘அப்பேரன்ட்லி ஹி இஸ் கமிங்.’ எழுத்தில் ‘ஹி இஸ் செட் டு பி...’, ‘ஷி இஸ் பிலீவ்ட் டு ஹேவ்...’ என்று செயப்பாட்டில் போகலாம், சொன்னது யார் என்று காட்டாமல் நழுவிவிட வசதி. ‘ஸப்போஸட்லி’ வேண்டாம் என்பேன், அதில் ‘பெரிய இதுவாம்’ என்கிற இளக்காரம் கொஞ்சம் சேர்ந்தே வரும். ‘அலெஜட்லி’யை நீதிமன்றத்துக்கும் குற்றச் செய்திக்கும் விட்டுவிடுங்கள். செய்தியாளர்கள் அதைப் போடுவது நம்பாததால் அல்ல, தீர்ப்பு வரும்வரை யாரையும் குற்றவாளி என்று எழுதக்கூடாது என்பதால். பக்கத்து வீட்டுக்காரர் ‘அலெஜட்லி’ ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் சிரிப்பார்கள்.

படி 4: ‘இல்லை’யை எங்கே வைப்பது?

‘அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்.’ இதை ‘ஐ திங்க் ஹி வில் நாட் கம்’ என்று சொன்னால் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலேயர் காதுக்கு அடித்துச் சொல்வது போல இருக்கும். அவர்கள் ‘இல்லை’யைத் தூக்கி ‘திங்க்’மேல் வைத்துவிடுவார்கள்: ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்.’ நேராகத் தமிழாக்கினால் ‘அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை’. நம் காதுக்கு அது கொஞ்சம் வேறு பொருள், ஆனால் அவர்களுக்கு ஒன்றுதான். ‘பிலீவ்’, ‘ஸப்போஸ்’, ‘எக்ஸ்பெக்ட்’ எல்லாம் இதே வழிதான். ‘ஹோப்’ மட்டும் ஒத்துழைக்காது. ‘ஐ டோன்ட் ஹோப் ஸோ’ என்று சொல்லாதீர்கள், ‘ஐ ஹோப் நாட்’ என்று சொல்லுங்கள்.

படி 5: கேள்வியாக்குவது

‘யார் எடுத்தது என்று நினைக்கிறீர்கள்?’ என்பதை நம்மவர்கள் ‘டு யூ திங்க் ஹூ டுக் இட்?’ என்று கேட்பதுண்டு. இங்கே ‘யார்’ முன்னால் வர வேண்டும்: ‘ஹூ டு யூ திங்க் டுக் இட்?’ நடுவில் செருகியிருக்கும் ‘டு யூ திங்க்’கை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘யார்’ எழுவாயாக வரும் இதுபோன்ற கேள்விகளில், ‘ஹூ டுக் இட்’ என்று முழுக் கேள்வி மிஞ்சினால் சரி.

இதே அச்சில் வார்த்த இரண்டு வசவுகளையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ‘ஹூ டு யூ திங்க் யூ ஆர்?’ என்றால் ‘மனசுல பெரிய இவன்னு நினைப்பா?’ ‘வாட் டு யூ டேக் மி ஃபார்?’ என்றால் ‘என்னை என்னன்னு நினைச்சே?’ இரண்டுக்கும் பதில் சொல்லப் போகாதீர்கள். ஒருவர் ‘ஐயாம் எ சிவில் இன்ஜினியர்’ என்று பதில் சொன்னதை நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

படி 6: ‘ஐ தாட்’ என்ற இரட்டை நாக்கு

‘ஐ தாட் யூ வுட் கம்.’ இதை எந்தச் சொல்லில் அழுத்திச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம். ‘தாட்’டை அழுத்தினால்: ‘நீ வருவாய் என்று அப்பவே நினைத்தேன், பார், வந்துவிட்டாய்.’ ‘கம்’மை அழுத்தினால்: ‘வருவாய் என்று நினைத்தேனே, வரவில்லையே.’ தமிழில் ‘அப்பவே நினைத்தேன்’, ‘நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்று துணைச்சொற்கள் செய்வதை இங்கே குரல் செய்கிறது. எழுத்தில் குரல் கிடையாது. அதனால் அழுத்தம் தெரியாத இடத்தில் பெரும்பாலும் இரண்டாவது பொருளில்தான் படிப்பார்கள். வெறும் ‘ஐ தாட்’ எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே இருப்பவர் மனதை ஊகிக்க ‘மஸ்ட்’ உதவும். ‘யூ மஸ்ட் திங்க் ஐயாம் மேட்’ என்றால் ‘எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பீர்கள்’. ‘ஐ டேக் இட் யூ ஹேவ் ஈட்டன்’ என்றால் ‘சாப்பிட்டாயிற்று போல’. இதைவிட ‘போல’வுக்கு நெருக்கமான இன்னொரு தொடரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் இளைஞர்கள் வாயில் சதா புழங்கும் ‘ஐ வாஸ் லைக்’. 1980-களில் அமெரிக்கப் பேச்சில் மொழியியலாளர்கள் கண்ணில் பட்டு, பிறகு உலகெங்கும் பரவியது. ‘ஹி வாஸ் லைக், வாட்?’ என்றால் அவன் ‘என்னது?’ என்று வாய்விட்டுக் கேட்டானா, மனதுக்குள் நினைத்தானா, முகத்தில் காட்டினானா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆசிரியர்கள் இதைக் கண்டால் சிவப்புப் பேனாவை எடுப்பார்கள். எனக்கென்னவோ இதில் தப்பே தெரியவில்லை. நம்முடைய ‘என்று’ காலம்காலமாகச் செய்துவரும் வேலைதான் இது. ‘என்று சொன்னான்’, ‘என்று நினைத்தான்’, ‘என்று விழித்தான்’ எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ‘நான் அப்படியே என்னடா இதுன்னு ஆயிட்டேன்’ என்பதை இதைவிடக் கச்சிதமாக ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா? மின்னஞ்சலில் மட்டும் வேண்டாம்.

படி 7: டவுட், ஸஸ்பெக்ட்

‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் தமிழில் இரண்டு பக்கமும் வெட்டும். ‘அவர்தான் எடுத்தார் என்று சந்தேகம்’ என்றால் எடுத்திருப்பார் என்ற பக்கம் சாய்கிறேன். ‘அவர் வருவாரா என்பது சந்தேகம்’ என்றால் வரமாட்டார் என்ற பக்கம். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஸஸ்பெக்ட்’, இரண்டாவது ‘டவுட்’. நான் விழுந்த குழி இதுதான்.

இதில் ஆறுதலாக ஒரு செய்தி. ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘டவுட்’ நம் பக்கம்தான் நிற்கிறது. அங்கே ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால் மழை வரும் போலிருக்கிறது என்று பொருள். மேலாளர் லண்டன்காரராக இல்லாமல் கிளாஸ்கோக்காரராக இருந்திருந்தால் என் மின்னஞ்சல் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும்.

வகுப்பில் ‘ஸார், ஐ ஹேவ் எ டவுட்’ என்று கை தூக்குவது இந்திய ஆங்கிலம். சென்னையில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் அப்படிச் சொன்னால் நீங்கள் ஆசிரியரை நம்பவில்லை என்று அவர் நினைக்க வாய்ப்புண்டு. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஒரு மின்னஞ்சல்

மேலே சொன்னதையெல்லாம் வைத்து அந்தக் கோப்பு மின்னஞ்சலைத் திருத்தி எழுதிப் பார்ப்போம். முதல் திருத்தம்: ‘ஐ ஸஸ்பெக்ட் ஹி டுக் த ஃபைல்.’ அர்த்தம் சரியாகிவிட்டது. ஆனால் ‘ஸஸ்பெக்ட்’ போலீஸ் வாடை அடிக்கும் சொல், ஒருவர் பெயரோடு அதை எழுத்தில் சேர்ப்பது ஆபத்து. இரண்டாவது: ‘ஐ திங்க் ஹி மே ஹேவ் த ஃபைல்.’ இப்போது எடுத்தார் என்ற குற்றச்சாட்டு இல்லை, அவரிடம் இருக்கலாம் என்கிறேன். ஆனால் ஏன் அப்படி நினைக்கிறேன் என்ற கேள்வி வரும், ‘வாட் மேக்ஸ் யூ திங்க் ஸோ?’ என்று பதில் வந்தால் கையில் ஆதாரம் வேண்டும். மூன்றாவது: ‘ஐ வாஸ் அண்டர் தி இம்ப்ரெஷன் தட் த ஃபைல் வாஸ் வித் ஹிஸ் டீம்.’ ஆள் மறைந்து பிரிவு வந்துவிட்டது. எண்ணம் என்னுடையது, தவறாகவும் இருக்கலாம் என்பதும் உள்ளேயே இருக்கிறது. அன்றைக்கு இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஸ்கேன் எடுக்கக் கொடுத்திருந்த பழைய கட்டு ஒன்றோடு அடுத்த வாரம் திரும்பி வந்தது. கட்டைக் கொடுத்து அனுப்பியதற்கான பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. நான் சொல்ல நினைத்தது பொய், நான் எழுதிவைத்த வாக்கியம் உண்மை. மேலாளரிடம் போய் ‘ஐ டோல்ட் யூ ஐ டவுட்டட் இட்’ என்று மட்டும் சொன்னேன்.